ஊருக்குப் போட்ட மார்க்

மார்க் போட்டு முடித்தபோது சொந்த ஊருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வந்தது. துறைமுக நகரத்துக்கு நாற்பது. மேலாளருக்கே கூச்சமாக இருந்தது.

மின்விசிறி கம்பெனியின் தலைமை அலுவலகம் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கலாமா, துறைமுக நகரத்துக்குப் போகலாமா என்று ஆராய்ந்து சொல்லும் வேலையை முதலாளி அவர் தலையில் கட்டியிருந்தார். அலுவலகம் போனால் அவரும் மூட்டை கட்ட வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகிறது.

"நம்ம ஊருன்னே எழுதிட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"சொந்த வீட்டுக்காக எழுதினான்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லிட்டுப் போகட்டும். அவங்களா வந்து இங்க குடியிருக்கப் போறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் மேலாளர் நேர்மையானவர் என்று பெயர் எடுத்துத் தொலைத்தவர். சொந்த ஊரிலிருந்து இருபதை வெட்டி நகரத்துக்குக் கொடுத்தார். அப்போதும் மனம் உறுத்தவே, விமான நிலையத்துக்கு என்று பத்து மார்க்கில் ஒரு கட்டம் சேர்த்தார். ஊரில் பஸ் நிலையமே பாதிதான் இருந்தது. முன்னிலை ஆறாகச் சுருங்கியதும் இன்னொரு கட்டம் தேடினார்.

"ஊழியர் விருப்பத்துக்கு ஒரு பத்து போட்டுட்டா சரியாயிடும். நம்ம ஆளுங்க ஊரை விட்டு நகர மாட்டாங்க" என்று மனைவியிடம் தெம்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர், எப்போது கிளம்பலாம் என்று கேட்டார்கள். மீதி இருவர் அன்றைக்கு விடுப்பு.

நாலு மார்க்கில் நகரம் ஜெயித்தது. அழித்து எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்குத் தெரியும். அந்த ஒரு ஆளை மட்டும் அவரால் சமாளிக்க முடியவில்லை.

முதலாளி அறிக்கையை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"துளிகூடப் பாரபட்சம் இல்லாம எழுதியிருக்கேன் சார்."

"தெரியுது" என்றார் முதலாளி. எதிரே உட்கார்ந்திருந்த பங்குதாரர்கள் புன்னகையோடு பேனாவை நீட்டினார்கள். கையெழுத்துப் போட முதலாளிக்கு வெகுநேரம் பிடித்தது.

வாசலில் முதலாளியின் டிரைவர் மேலாளரை ஓரமாக அழைத்துப் போனார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? பங்குதாரங்க போயே ஆகணும்னு நின்னாங்க, ஐயாவுக்குப் போக மனசே இல்ல. ஆபீஸ்ல புதுசா வீடு கட்டினது யாருன்னு விசாரிச்சுத்தான் இந்த வேலையை உங்ககிட்ட குடுத்தாரு."