சிம்மாசனத்தைவிட உயரமாக எழுந்த சோடா

அரசர் நெடுங்கோ ஆட்சியின் பதினான்காம் ஆண்டு, ஆனி மாதம் மூன்றாம் நாள், குப்பிநாட்டின் தெற்குவாசல் பள்ளியில் ஒரு பாட்டில் சோடா பதினைந்து அடி உயரத்துக்குப் பீறிட்டது. அரசரின் சிம்மாசனம் ஒன்பது அடி.

அறிவியல் ஆசிரியை நப்பின்னை அந்தப் பாட்டிலுக்குள் ஒரு புதினா மிட்டாயைப் போட்டிருந்தார். "இன்னொண்ணு டீச்சர், இன்னொண்ணு!" என்று பிள்ளைகள் நனைந்தபடி கத்தியது கோட்டை வரை கேட்டது. மறுநாள் பள்ளி பூட்டப்பட்டது.

பேரமைச்சர் சாந்தலிங்கர் ஆசிரியையை அழைத்து விசாரித்தார்.

"மிட்டாயின் பின்னணியில் இருப்பது யார்?"

"யாருமில்லைங்க. வாயு ஏற்கெனவே சோடாவுக்குள்ள அடைஞ்சு கிடக்கு. மிட்டாய் சொரசொரன்னு இருக்கில்ல, அது மேல ஒண்ணாச் சேர்ந்து வெளிய வருது."

'ஒன்றாகச் சேர்கிறது' என்று எழுத்தர் குறித்துக்கொண்டார்.

"சோடா எழவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பள்ளி திறக்கப்படும்."

"எழுந்துச்சேங்க. அறுபது வீட்டுல சட்டை துவைச்சிருக்காங்க."

பூட்டு அப்படியே இருந்தது.

முதல் ஆணைப்படி நாட்டிலுள்ள புதினா மிட்டாய்கள் பறிமுதல் செய்யப்பட்டன. தொண்டை கட்டியவர்கள் சைகையில் பேசினார்கள். இரண்டாம் ஆணைப்படி சோடாவும் போயிற்று. விருந்து சாப்பிட்டு வயிறு உப்பியவர்கள் ஏப்பம் வேண்டி மனு கொடுத்தார்கள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பறிமுதலான பாட்டில்கள் அனைத்தும் அரக்கு முத்திரையுடன் அரண்மனை முற்றத்தில் அடுக்கப்பட்டன.

"வெயில்ல வைக்காதீங்க சாமி, அதுக்குக் கோவம் வந்துரும்" என்றார் சோடா வியாபாரி குமராண்டி. சோடாவுக்குக் கோபம் கற்பித்த குற்றத்துக்காக முற்றத்தைப் பத்து நாள் பெருக்கும்படி அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தப் பத்தாம் நாள் தேர்தல் நாள்.

குப்பிநாட்டில் தேர்தல் எளிமையானது. இந்த அரசர் போதும், இனி வேண்டாம் என்று நினைப்பவர் குடத்தில் ஒரு கூழாங்கல்லைப் போடலாம். போடாதவர்கள் அரசருக்கு வாக்களித்தவர்கள். சென்ற முறை பன்னிரண்டு கற்கள் விழுந்திருந்தன. அந்தப் பன்னிரண்டும் சாந்தலிங்கரின் தூக்கத்தைக் கெடுத்தன.

"கல்லில் ஒரு குறை உண்டு, அரசே. அது கரைவதில்லை. இம்முறை கல்லுக்குப் பதிலாக மிட்டாய். குடத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு சோடா பாட்டில். ஒருவர் வாக்கு இன்னொருவர் வாக்கோடு சேராது. எண்ணுவதற்குள் எல்லாம் கரைந்துவிடும்."

ஐயம் தீர்க்க நப்பின்னையை வரவழைத்தார்கள்.

"மிட்டாய் சோடாவில் கரையுமா?"

"விட்டுவச்சா கரையும். ஆனா அதுக்கு முன்னாடி..."

"முன்னால் நடப்பதை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்."

தேர்தலன்று நல்ல வெயில். அரசர் முற்றத்தில் சிம்மாசனத்தின் மேல் அமர்ந்திருந்தார். வரிசையில் நப்பின்னை முதலாவது. பாட்டிலின் முத்திரையை உடைத்தார், மிட்டாயைப் போட்டார், நான்கு அடி பின்னால் நகர்ந்தார்.

வாக்கு அரசரின் கிரீடத்தைத் தாண்டி எழுந்தது.

குமராண்டி துடைப்பத்தைக் கீழே போட்டார். "டீச்சரம்மா, நம்ம சரக்கு எப்படி!"

அதன் பின் வரிசை நிற்கவில்லை. வீட்டில் படுத்திருந்தவர்கள் ஓடி வந்தார்கள். மாமியாரும் மருமகளும் யார் பாட்டில் உயரம் என்று பந்தயம் கட்டினார்கள். வாக்களித்து முடித்தவர்கள் வேறு பெயரில் வரிசைக்குத் திரும்ப முயன்று சிரிப்பு தாங்காமல் மாட்டிக்கொண்டார்கள்.

"அமைதி! வாக்கு இரகசியமானது!" என்ற சாந்தலிங்கரின் குரல் நுரைக்குள்ளிருந்து கேட்டது.

சிம்மாசனம் பிசுபிசுத்ததால் அரசர் எழுந்து நின்றார்.

சோடா முழுவதும் வெளியேறிவிட்டதால் மிட்டாய்கள் கரையாமல் பாட்டில்களின் அடியில் கிடந்தன. எண்ணுவது சுலபமாக இருந்தது. மூவாயிரத்து நாற்பது. போடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திங்கட்கிழமை காலை தெற்குவாசல் பள்ளி திறந்தது.