சம்பந்திக்குப் பச்சை விளக்கு

"ஸ்டேஷன விட்டுக் கிளம்பிட்டாங்க," என்றார் பச்சை சார். கையிலிருந்த போனில் ஒரு நீலப் புள்ளி மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. "மணி பதினொண்ணு நாலு. எழுதிக்கோங்கம்மா."

"எதுல சார் எழுதறது?" என்றார் ஆபரேட்டர் அம்மா. "பதிவேட்டுல 'சம்பந்தி வருகை'ன்னு ஒரு கட்டம் இல்லையே."

நகரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அன்று அவர்கள் இருவர்தான். சனிக்கிழமை என்பதால் மற்றவர்களுக்கு விடுமுறை. சுவர் முழுக்கத் திரைகள். அவற்றில் ஊரின் எண்பத்தேழு சிக்னல்களும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அந்த எண்பத்தேழையும் ஆட்டி வைக்கும் கணக்கைப் போட்டவர் பச்சை சார். உலகத்தில் அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் சிவப்பு விளக்கு என்பதால் ஆபீசில் வைத்த பெயர் அது. ஆபரேட்டர் அம்மா இருபது வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர். நான்கு மேலதிகாரிகளைப் பார்த்துவிட்டவர். ஐந்தாமவரையும் பார்த்துவிடலாம் என்ற தைரியம் உள்ளவர்.

விஷயம் இதுதான். பச்சை சாரின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் நிலையில் இருந்தது. பையனின் அப்பாவும் அம்மாவும் வெளியூரிலிருந்து ரயிலில் வந்து, முதல் முறையாக வீட்டில் மதியம் சாப்பிடப் போகிறார்கள். பையனின் அப்பா ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் போனில் பேசும்போது, "உங்க ஊர்ல ஸ்டேஷன்லேந்து வீடு போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகுமாமே? சாப்பாடு ஆறிடாதா?" என்று கேட்டுவிட்டார்.

மனுஷன் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். பச்சை சாருக்குத்தான் சுருக்கென்றது.

"பத்து நிமிஷம்," என்றார். "வழியில பதினோரு சிக்னல். ஒரு சிவப்பு கூட விழாது. இது என் பொறுப்பு."

பக்கத்தில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பையன் தன் பங்குக்கு, அப்பாவின் போன் எங்கே இருக்கிறது என்பது பச்சை சாரின் போனில் புள்ளியாகத் தெரியும்படி ஏற்பாடு செய்து கொடுத்தான். ஆக, சம்பந்தியை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர், 'அவசர வேலை' என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆபீசில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வண்டிகளைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது, ஓடுகிற தண்ணீராகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருத்தர் பிரேக் போட்டால் அந்தத் தடங்கல் பின்னாலேயே அலையாக நடந்து போய், அரை மைல் தள்ளி வருகிறவனை நிறுத்தும். அதே போல ஒவ்வொரு சிக்னலும் முந்தைய சிக்னலுக்கு இருபத்தெட்டு விநாடி கழித்துப் பச்சையானால், அளவான வேகத்தில் வருகிற வண்டி எங்குமே நிற்க வேண்டாம். பச்சையின் முதுகில் ஏறி உட்கார்ந்தபடி வந்து சேரலாம்.

வந்தது. புள்ளி ஒன்று, இரண்டு, மூன்று என்று சிக்னல்களைத் தாண்டியது. ஆபரேட்டர் அம்மாவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பது. பத்து. பதினொன்று. புள்ளி அவர் வீட்டுத் தெரு முனைக்கு வந்து கொஞ்சம் தயங்கியது.

"திரும்புங்க, திரும்புங்க," என்று பச்சை சார் போனிடம் கெஞ்சினார்.

புள்ளி திரும்பவில்லை. நேராகப் போய்விட்டது.

"தெருவை விட்டுட்டாங்க," என்றார். "முனையில பேர்ப்பலகை இல்ல. ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேன், எவன் வைக்கறான்?" அவசரமாகச் சம்பந்தியின் எண்ணை அழைத்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"நேரா போற வழியை அடைச்சிடுங்கம்மா. அடுத்த சந்திப்புல திரும்பறதுக்கு மட்டும் பச்சை குடுங்க. தானா திரும்பி வந்துடுவாங்க."

ஆபரேட்டர் அம்மா அடைத்தார். புள்ளி திரும்பியது. ஆனால் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். சந்தைக்குள் போய் நின்றது.

அப்போது மனைவி கூப்பிட்டாள். அழைப்பு வந்ததும் வரைபடம் மறைந்து, அவள் படம் திரை முழுக்க வந்தது.

"என்னங்க, அவங்க..."

"தெரியும். பாத்துட்டேதான் இருக்கேன். நான் கொண்டு வந்து சேக்கறேன்."

"இல்லங்க, இங்க..."

"நீ சாப்பாட்ட மட்டும் பாரு," என்று வைத்துவிட்டார்.

சந்தையிலிருந்து வெளியே வரும் சந்துக்கு நீளமான பச்சை கொடுத்தார். சம்பந்தி வருவதற்குள் நாற்பது சரக்கு லாரிகள் அந்தப் பச்சையில் வெளியே வந்து, பிரதான சாலையில் படுத்துக்கொண்டன. சாலை நிரம்பி, பின்னால் இருந்த சந்திப்பு அடைபட்டது. அது அடைபட்டதும் அதற்குப் பின்னால் இருந்தது.

"சார், சிவப்பு அலை ஒண்ணு கிளம்பி பின்னாடியே போகுது," என்றார் ஆபரேட்டர் அம்மா. "உங்க கணக்குல சொல்லுவீங்களே, அதே மாதிரி. ரொம்ப அழகா வருது."

பச்சை சாரின் காதில் விழவில்லை. புள்ளி எப்படியோ சந்தையிலிருந்து நழுவி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஆஸ்பத்திரிம்மா. அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. அதான் போன் எடுக்கல."

மறுபடி மனைவி. துண்டித்தார். இந்தச் செய்தியை அவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்து மகள். அவளிடம் சொல்லவே முடியாது. துண்டித்தார். யார் கூப்பிட்டாலும் வரைபடம் மறைகிறது என்பதால், வருகிற அழைப்புகள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்து வைத்தார்.

"அவசரத் திட்டம் போடுங்கம்மா. ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கற சாலையில எல்லாம் பச்சை, குறுக்க வர்றதெல்லாம் சிவப்பு."

இரண்டு நிமிடத்தில் மேசைத் தொலைபேசி அலறியது. ஆபரேட்டர் அம்மா எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரிலேந்து பேசறாங்க. அவங்க ஆம்புலன்ஸ் குறுக்குச் சாலையில நிக்குதாம். எந்த ஆம்புலன்ஸுக்காக எங்க ஆம்புலன்ஸ நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. உள்ள நோயாளி யாரும் இல்லையாம், டிரைவர் மட்டும்தான். ஆனா அவர் கோவமா இருக்காராம்."

"அந்தச் சாலையத் திறந்து விடுங்க. மன்னிப்பு கேட்டதா சொல்லுங்க."

அதற்குள் புள்ளி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிவிட்டது.

"மூணு நிமிஷத்துல என்ன வைத்தியம் பாத்தாங்க?"

"சும்மா பேரைக் கேட்டு எழுதவே முக்கா மணி நேரம் ஆகும் சார் அங்க," என்றார் ஆபரேட்டர் அம்மா.

புள்ளி அடுத்து நீச்சல் குளத்துக்குப் போனது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு. அங்கிருந்து சினிமா தியேட்டருக்கு. போகிற இடமெல்லாம் பச்சை சார் முன்னால் ஓடி ஓடி விளக்கைத் திறந்துவிட்டார். நடுநடுவே சம்பந்தியின் எண்ணையும் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். புள்ளி கடந்து போன இடமெல்லாம் பின்னால் ஊர் உறைந்து நின்றது. திரைகளில் ஆட்கள் காரை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்தபடி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்திப்பில் இரண்டு பேர் கார் முகப்பில் பலகையை வைத்துச் சதுரங்கம் ஆட ஆரம்பித்திருந்தார்கள்.

பச்சை சார் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "அவங்களுக்கு எங்க வீட்டுக்கு வர விருப்பம் இல்லையோ?"

"அப்படி ஏன் சார் நினைக்கறீங்க?"

"வாசல் வரைக்கும் வந்தாங்க. தெருவப் பாத்தாங்க. வீடு சின்னதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஊரைச் சுத்திட்டு இருக்காங்க. எல்லாம் என் வாயால வந்தது. பத்து நிமிஷம்னு சவால் விட்டேன் பாருங்க, திமிர் பிடிச்சவன்னு நினைச்சிருப்பாங்க. பொண்ணு காலையில மூணு தடவை புடவை மாத்தினாம்மா."

ஆபரேட்டர் அம்மாவுக்குக் கிண்டல் வரவில்லை. பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். "நேர்ல பாத்துப் பேசிட்டா எல்லாம் சரியாயிடும் சார்."

"நேர்ல எப்படிப் பாக்கறது? நான் கிளம்பிப் போனா வழியெல்லாம் அடைச்சிக்கிடக்கே."

"நீங்க போக முடியாது. அவங்களை இங்க வரவச்சிடலாமே."

பச்சை சார் நிமிர்ந்தார். காபியை ஒரே மடக்கில் குடித்தார். அந்த அறையில் அதுவரை யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். எண்பத்தேழு சிக்னல்களையும், கட்டுப்பாட்டு அலுவலகம் இருக்கும் திசைக்கு மட்டும் பச்சையாக வைத்தார். மற்ற எல்லாத் திசைக்கும் சிவப்பு.

ஊர் ஒரு புனல் மாதிரி ஆயிற்று. எந்தத் தெருவில் இருந்தவனும் வேறு வழியில்லாமல் அவர் ஆபீசை நோக்கி உருள ஆரம்பித்தான். ஐஸ்கிரீம் வண்டி, குப்பை லாரி, ஓட்டுநர் பயிற்சிக் கார், நாலு பேருந்து. மேசைத் தொலைபேசி மறுபடி அடித்தது.

"டைரக்டர் பேசறார்," என்றார் ஆபரேட்டர் அம்மா. "முடி வெட்டிக்கக் கிளம்பினாராம். கார் தானா ஆபீசுக்கு வந்துட்டிருக்கு, இன்னைக்கு வேலை நாளான்னு கேக்கறார்."

"ஆமான்னு சொல்லிடுங்க," என்றார் பச்சை சார். கண் புள்ளி மேலேயே இருந்தது. அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக வந்துகொண்டிருந்தது. ஒரு மைல். அரை மைல். பக்கத்துத் தெரு.

சட்டையை உள்ளே சொருகிக்கொண்டு, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வாசலுக்கு ஓடினார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். வீடு சின்னதுதான், சம்பந்தி. ஆனா எம் பொண்ணு மனசு பெரிசு. நான் கொஞ்சம் வாய் நீளம், அவ அவங்க அம்மா மாதிரி.

வாசலில் வந்து நின்றது ஒரு பழைய மஞ்சள் டாக்சி. போனில் புள்ளியும் அங்கேயே நின்றது. பச்சை சார் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, குனிந்து, "வாங்க, வாங்க," என்றார்.

பின்சீட்டில் யாரும் இல்லை.

கடைசியாக ஒரு முறை சம்பந்தியின் எண்ணை அழைத்தார். முன்பக்கம் ஒரு போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. டாக்சி டிரைவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். லாட்டரி விழுந்தவர் மாதிரி முகம் பூரித்துக் கிடந்தது.

"இதுல நாப்பத்தாறு தடவை கூப்பிட்டது நீங்கதானா சார்? சீட்டுக்கு அடியில கிடந்திருக்கு. இப்ப இறங்கின சவாரிதான் பாத்து எடுத்துக் குடுத்தாங்க."

"அவங்க எங்க?" என்றார் பச்சை சார். "இந்த போனுக்குச் சொந்தக்காரங்க எங்க?"

"அந்தப் பெரியவரும் அம்மாவுமா? சிவப்பே பாக்காம ஒன்பதே நிமிஷத்துல கொண்டு வந்து தெரு முனையில இறக்கிவிட்டேன் சார், ஒரு அம்மாவும் பொண்ணும் ஓடி வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க, இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருப்பாங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் ஏழு சவாரி, ஒண்ணுல கூட சிவப்பு விழல."