ஓர் இசைத்தட்டின் மணிவிழா

மனித குலம் படைத்த இசைகளுள் காலத்தை வென்று நிற்பது எது என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகங்கள் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கின்றன. பாவம், கனடாவின் மார்க்கம் நகரில் வாழும் எங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'சோல்' என்னும் கறுப்பின இசைவகையைச் சேர்ந்த ஒரு சக்ஸபோன் இசைத்தட்டுத்தான் அது என்று 'கனடா இசைத்தட்டு இரசிகர் ஒன்றியம்' ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. முன்மொழிந்தவர் தலைவர் நவரட்ணம். வழிமொழிந்தவர் அவருடைய மனைவி தவமணி.

அட்டைப்படத்தில் ஓர் இளைஞன் சவரக்கடைக் கதிரையில் சாய்ந்திருப்பான். முகம் முழுக்க நுரை, மடியில் சக்ஸபோன். எங்கள் ஆட்கள் அதைச் 'சலூன் அல்பம்' என்று அன்போடு அழைப்பார்கள்.

இந்த இரசனை எங்கள் சமூகத்துக்கு வந்த வரலாறும் பெருமைக்குரியது. வீடு விற்றுக்கொடுக்கும் சுலக்சன், யூனியன்வில்லில் ஒரு வீட்டை விற்பனைக்கு அலங்கரித்தபோது சுவரில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. பழைய சாமான் கடையில் கையில் அகப்பட்ட இந்த அட்டையைச் சட்டம் போட்டு அங்கே மாட்டினான். வீடு ஒரே நாளில் விலைப்பட்டுவிட்டது. அதன்பிறகு றிச்மண்ட் ஹில்லிலிருந்து பிறம்ரன் வரை, கொஞ்சம் மதிப்போடு வாழ நினைக்கும் எந்தத் தமிழ் வீட்டின் வரவேற்பறையிலும் அந்த நுரை முகம் தொங்கியது. சைவ வீடுகளில் பிள்ளையாருக்கு எதிரே; கத்தோலிக்க வீடுகளில் திரு இருதயப் படத்துக்கு எதிரே. இசை மதங்களைக் கடந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒன்றியத்தின் உப செயலாளர் அன்ரனெற்றிடம் மட்டும் ஒரு குறை இருந்தது. அவள் அந்த அல்பத்தைக் கேட்டிருந்தாள்.

வேண்டுமென்று செய்த பிழையல்ல. ஸ்காபரோவில் அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் அடுத்த கதவு மிஸ்ரர் வென்டலுடையது. டெற்றோயிற்றில் பிறந்து, வளர்ந்து ஆளானபின் எல்லை கடந்து வந்து, இங்கேயே கிழவராகிவிட்ட கறுப்பின மனிதர். ஒரு சனிக்கிழமை சுவருக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனவள், வாசலில் நின்றபடியே தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். லொறி ஓட்டும் கணவன் றெமிஜியஸ் வின்னிபெக் போயிருந்த வாரம் அது. அந்தத் தனிமையால்தான் அழுகை வந்தது என்று எண்ணிக்கொண்டாள். அவன் திரும்பி வந்த பிறகு கேட்டாள், அப்போதும் அழுகை வந்தது.

பழக்கம் முற்றிய பிறகுதான் ஒருநாள் அட்டையைக் காட்டி, "இந்த நுரைக்குள் இருப்பது நான்தான்" என்றார் மிஸ்ரர் வென்டல். வேறு யாருக்கும் அதைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இங்கே ஒரு சோகத்தையும் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அன்ரனெற் வேலை செய்வது ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில், முன்மேசையில். அங்கே மிஸ்ரர் வென்டலின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் பிடுங்கியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சக்ஸபோனின் வாய்முனை தங்குவது அந்தப் பற்களில்தான். பொய்ப்பல் வைத்துப் புதிதாகப் பழகுகிறவர்கள் உண்டு. "எண்பத்து நாலு வயதில் நான் பழகமாட்டேன், அன்ரனெற். பல்லோடு அதுவும் போகட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதே மாதத்தில்தான் அல்பத்துக்கு அறுபது வயது பூர்த்தியானது. அறுபது வயதானவருக்கு மணிவிழா எடுக்காமல் விடுகிற இனமா எங்கள் இனம்? நிர்வாகக் குழு நவரட்ணத்தின் வீட்டு நிலவறையில் அவசரமாகக் கூடியது.

"மணிவிழா எண்டா தம்பதியாய் இருத்தோணும். தட்டுக்கு ஆர் சோடி?" என்று ஆரம்பத்திலேயே அடிப்படைப் பிரச்சினையைத் தொட்டார் தவமணி.

காப்பாளர் சண்முகநாதன் கண்ணை மூடி யோசித்தார். "முதல் பக்கம் ஆம்பிளை, ரெண்டாம் பக்கம் பொம்பிளை. அறுபது வரியமாய் ஒண்டாய் இருக்குதுகள், ஒருநாளும் ஒண்டின்ர முகத்தை ஒண்டு பாத்ததில்லை. இதைவிட என்ன பொருத்தம் வேணும்?"

குழு அதை ஏற்றுக்கொண்டது. தவமணி மட்டும் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"அண்ணை, அண்டைக்கு அந்தத் தட்டைப் போட்டுக் கேக்கிறேல்லையோ?" என்றாள் அன்ரனெற்.

நவரட்ணத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "பிள்ளை, பத்துப் பன்ரண்டு பேர் பேச இருக்கினம். இடையில உந்தச் சத்தமும் கேட்டா சனத்துக்கு இடைஞ்சல் எல்லோ?"

"அப்ப ஒரு பாட்டு மட்டும் நேரடியா வாசிப்பிக்கலாம். எங்கட பக்கத்து வீட்டில ஒரு மிஸ்ரர் வென்டல் இருக்கிறார், சக்ஸபோன் ஊதுவார்."

"வெளிநாட்டவரோ?" என்று நவரட்ணம் நிமிர்ந்தார். இந்த நாட்டில் எங்களைத் தவிர மற்ற எல்லாரும் அவருக்கு வெளிநாட்டவர். "எம்.பி. வரேலாது எண்டிட்டார். உவரைப் பிரதம விருந்தினராப் போடுவம். படத்துக்கும் வடிவாயிருக்கும். நேரம் இருந்தா ஊதட்டும்."

சுலக்சன் உடனே கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டான். "அன்ரி, அவற்ற பயோ ரெண்டு லைன் அனுப்புங்கோ. சிம்பிளா இருந்தா பெஸ்ற்."

அந்த இரண்டு வரி அறிமுகத்தில் உண்மையைச் சொல்லிவிட அன்ரனெற்றின் நாக்குத் துடித்தது. ஆனால் வாசிக்க ஒப்புக்கொண்டபோதே மிஸ்ரர் வென்டல் சத்தியம் வாங்கியிருந்தார். "சொல்லாதே. இவ்வளவு நேசிக்கிறவர்கள் மூன்றாவது சுரத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும்." வெள்ளிக்கிழமை பிடுங்க வேண்டிய பற்களை அவள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டாள். விழா ஞாயிற்றுக்கிழமை. விழாவுக்கு முந்திய இரண்டு வாரமும் சுவருக்கு அப்பால் கிழவர் ஊதிப் பழகினார். பல் நோகும்போது நிறுத்துவார், பிறகு மறுபடியும் தொடங்குவார். அவள் சமைப்பதை விட்டுவிட்டுச் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஞாயிறு மதியம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை நடுவே பட்டு விரித்த கதிரையில் இசைத்தட்டு மாலையும் கழுத்துமாக வீற்றிருந்தது. பன்னீர் தெளித்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள், சந்தனம் வைத்தார்கள். சந்தனம் தட்டின் இசைக் கோடுகளுக்குள் இறங்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை. மங்கல விளக்கு, கனடா கீதம், தமிழ்மொழி வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள் என்று நிகழ்ச்சி ஒழுங்கு தவறாமல் நகர்ந்தது.

சண்முகநாதனின் சிறப்புரை மகத்தானது. 'சலூன் அல்பமும் சங்க இலக்கியமும்' என்பது தலைப்பு. "இந்த இசையை நான் வார்த்தையால் விபரிக்க ஏலாது" என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் விபரித்தார். நடுவில் சக்ஸபோனை வயலின் என்று இரண்டு இடங்களில் குறிப்பிட்டார். ஒருவரும் திருத்தவில்லை, திருத்துவதற்கு ஒருவருக்கும் காரணமும் இருக்கவில்லை.

மிஸ்ரர் வென்டலை "எங்கட அன்ரியின்ர நெய்பர், மியூசிக் லவ்வர்" என்று சுலக்சன் அறிமுகப்படுத்தினான். தலைவர் பொன்னாடை போர்த்தினார். அடுத்து காப்பாளர் போர்த்தினார், மகளிர் அணி போர்த்தியது, பணம் கொடுத்த அனுசரணையாளர்கள் வரிசையாக வந்து போர்த்தினார்கள். மடியில் சக்ஸபோனை வைத்திருந்த மனிதர் மெல்ல மெல்லத் துணிக்குள் போய், கடைசியில் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த முகம் ஒவ்வொரு உரை முடியும்போதும் அன்ரனெற்றைப் பார்த்தது.

அவள் மேடைக்கரைக்கு ஓடினாள். "அண்ணை, இப்பவாவது அவரை ஊத விடுங்கோ."

"பொறுங்கோ பிள்ளை, நன்றியுரை முடியட்டும்."

"நாளைக்கு அவருக்குப் பல்லுப் பிடுங்கிறது அண்ணை! பிறகு அவரால ஊதேலாது!"

"அட பாவமே!" என்று நவரட்ணம் உண்மையாகவே உருகினார். "அப்ப சாப்பாட்டில எலும்பில்லாத இறைச்சியாப் பாத்துப் போடச் சொல்லுறன்."

நன்றியுரை முடியவும் மண்டபக்காரர் வந்து லைற்றை அணைத்து அணைத்துப் போடவும் சரியாக இருந்தது. அடுத்தது ஒரு சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. பல்லக்கு வாசலில் நின்றது, பெண்பிள்ளை காருக்குள் காத்திருந்தாள். எங்கள் ஆட்கள் கால தாமதத்தைப் பொறுக்கமாட்டார்கள் என்பதால் எல்லாரும் சோற்றுப் பெட்டிகளோடு வெளியேறினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் மிஸ்ரர் வென்டல் பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அன்ரனெற்றின் கையில் கொடுத்தார். பிறகு கார்க் கதவில் சாய்ந்து நின்று, சக்ஸபோனை வாயில் வைத்து ஊதத் தொடங்கினார். அல்பத்தின் முதல் பாட்டு.

முதல் சுரம். அன்ரனெற் சனத்தைப் பார்த்தாள். இரண்டாவது. இப்போது, இப்போது என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். மூன்றாவது.

யாரோ ஒரு காரைப் பின்னுக்கு எடுத்தார்கள். யாரோ அப்பளம் வைக்கவில்லை என்று குறைசொன்னார்கள். கிழவர் கண்ணை மூடி ஊதிக்கொண்டே இருந்தார். அறுபது வருடம் முன்னால் ஊதியதைவிட மெதுவாக, மூச்சுக்கு மூச்சு ஊன்றி ஊதினார். அன்ரனெற்றுக்குப் பொன்னாடைகளுக்கு மேலாகக் கண்ணீர் வழிந்தது.

நவரட்ணம் பல் குத்தியபடி பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் ஊதுறார் மனுசன். ஆனா பிள்ளை, உள்ளதைச் சொல்லோணும். எங்கட அல்பத்தில இருக்கிற அந்த உயிர் இதில இல்லை."

சத்தியம் அங்கேயே முறிந்தது. "அண்ணை! எங்கட அல்பத்தில ஊதினதே இவர்தான்! அந்த நுரைக்குள்ள இருக்கிறதே இவர்தான்! இதுதான் அந்த முதல் பாட்டு!"

நவரட்ணம் திகைத்துப் போனார். நடந்த தவறின் பாரதூரம் அவருக்கு முழுதாக விளங்கிவிட்டது.

"ஐயோ பிள்ளை, முதலே சொல்லியிருக்கலாமே! அவருக்கு இன்னொரு பொன்னாடை போட்டிருக்கோணுமெல்லே! தம்பி சுலக்சன், என்ர டிக்கிக்குள்ள சரிகை வைச்ச பெரிசு ஒண்டு கிடக்கு, ஓடியா! கமராக்காரனையும் கூப்பிடு!"

சனம் திரும்பி ஓடிவந்தது. தலைவர் இரண்டு கைகளாலும் அந்தப் பெரிய பொன்னாடையை விரித்து, ஊதிக்கொண்டிருந்த மனிதரின் தோளையும் வாயையும் சக்ஸபோனையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கமாகப் போர்த்தினார். பாட்டுப் பாதியில் நின்றது. அன்று முழுவதும் மண்டபம் காணாத கைதட்டல் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் எழுந்தது.

அறுபது வருடங்களாக யாராலும் நிறுத்த முடியாத ஓர் இசையைப் பாராட்டியே நிறுத்திக் காட்டிய பெருமை எங்கள் சமூகத்தையே சாரும்.