ஷரீஃப் பாயின் முன்னேற்பாடுகள்

அங்கம்மாள் வீட்டுக் குக்கர் உள்ளேயிருந்து முதல் விசில் அடித்தபோது அங்கம்மாள் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அதன் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு ஷரீஃப் பாயின் வீட்டுக்குள் இருந்தது. ஷரீஃப் பாயும் தெருவில்தான் நின்றார். அவர் வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. அதன் மாற்றுச் சாவி அங்கம்மாள் வீட்டுக்குள், குக்கருக்கு மேலே ஓர் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் பாய், இதுக்குத்தான் சாவிய மாத்திக் குடுத்துக்கினோமா?”

“ஆபத்துக்கு உதவும்னுதாம்மா குடுத்தேன்.”

“தோ, வந்துக்கீது ஆபத்து. உதவச் சொல்லுங்க.”

எல்லாம் வெள்ளிக்கிழமை வந்த ஒரு போனில் தொடங்கியது. சென்னையிலிருந்து பாயின் மகள் அஞ்சும் பேசினாள்.

“அத்தா, பாத்ரூம்ல புடிச்சுக்கக் கம்பி இருக்குதா?”

“போட்டுடலாம்மா.”

“ராத்திரில கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? திடீர்னு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்குமா? அங்கம்மாக்கா கூப்பிட்டா ஓடி வருவாங்களா? அவங்ககிட்ட நம்ம வீட்டுச் சாவி இருக்குதா?”

“எல்லாத்துக்கும் ஏற்பாடு இருக்குதும்மா” என்று ஒரு ஏற்பாடும் இல்லாத ஷரீஃப் பாய் சொன்னார்.

“சரி, ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். வீட்டைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்.”

என்ன முடிவு என்று அவருக்குத் தெரியாதா? போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. கையோடு சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். மாப்பிள்ளை வளைகுடாவில். இந்த நேரத்தில் அவள் மாமியார் வீட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்காருவதா?

அதைவிட, இந்த வீட்டை விட்டுப் போவதா? சமையலறை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. மஞ்சள் அரைத்த கையோடு அவர் மனைவி ஜோஹரா விளக்குப் போட்டுப் போட்டுப் படிந்த கறை. அவள் மவுத்தான பிறகு சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடம், “அந்த இடத்த மட்டும் விட்டுடுப்பா” என்று சொல்லிவிட்டு ஷரீஃப் பாய் வெளியே போய் நின்றுகொண்டார். சென்னைக்குச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

சனிக்கிழமை காலை குளியலறையில் கம்பி போட ஆள் வந்தார். துளை போட்டதில் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் ஓட்டையாகிவிட்டது. குழாயை மூட வேண்டியதாயிற்று. மூடுமுன் குடம், வாளி, ஜோஹராவின் பிரியாணி தேக்சா என்று வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் பாய் தண்ணீர் பிடித்து வைத்தார். நடக்க இடமில்லை.

மதியம் அவசர விளக்கு வாங்கி வந்து சார்ஜில் போட்டார். திரும்புகிற வழியில் ஒரு வாளியை இடறினார். தண்ணீர் ஓடி, தரையோடு இருந்த பிளக்கில் ஏற, ஃபியூஸ் போய்விட்டது. வீடு முழுக்க இருட்டு. கரண்ட் வந்தால்தான் அவசர விளக்கு எரியும் என்ற நிலை.

சாயந்திரம் தானாகவே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்று வாசலுக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு அங்கம்மாளும் தன் கதவுக்கு அதே பூட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபியூஸ் பார்க்க இருவரும் டார்ச்சோடு வாசலுக்கு வந்தார்கள். பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. டப். அங்கம்மாளின் கதவு. என்ன சத்தம் என்று பாய் திரும்பினார். டப். அவர் கதவு.

இப்போது குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.

“பருப்பு அடி புடிச்சா கூட பரவால்ல. குக்கர் எங்க ஊட்டுக்காரருது. முசரவாக்கத்துக் கழனிலருந்து வந்து கேட்டார்னா நான் உங்களத்தான் காட்டுவேன்.”

“இரும்மா, இதுக்கும் ஏற்பாடு இருக்குது.”

பாய் சட்டைக்குள்ளிருந்து கயிற்றில் கட்டிய ஊதலை எடுத்தார். விழுந்தால் ஊதலாம் என்று வாங்கியது. மூச்சைப் பிடித்து இரண்டு முறை ஊதினார்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. ஓட்டி வந்த ஆனந்தராஜ் வாலாஜாபாத் மினி பஸ்ஸில் வெகுகாலம் டிரைவராக இருந்தவர். இரட்டை விசில் கேட்டால் அவர் கால் தானாகவே ஆக்சிலேட்டருக்குப் போகும். ஆட்டோ கையில்தான் ஓடும் என்றாலும் கையும் போனது. வாசலில் நிற்க வேண்டிய ஆட்டோ வீட்டைத் தாண்டிப் பறந்தது. அதற்குள்ளிருந்து “அத்தா!” என்று அஞ்சுமின் குரல் நீண்டு தேய்ந்தது.

“ஐயோ, எம்பொண்ணு!” பாய் பதறி மறுபடியும் இரட்டை விசில் ஊதினார். ஆட்டோ இன்னும் வேகமெடுத்தது.

“ஒத்த விசில் அடிங்க பாய்!” என்று அங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒற்றை விசிலுக்கு ஆட்டோ கட்டுப்பட்டுத் திரும்பி வந்தது. விஷயம் கேட்ட ஆனந்தராஜ் தன் குடையை எடுத்தார். பாய் வீட்டு ஜன்னல் வழியே குடைக் கொக்கியை விட்டு, அலமாரி ஆணியில் தொங்கிய அங்கம்மாள் வீட்டுச் சாவியைத் தூண்டில் போட்டு இழுத்தார். அவள் கதவு திறந்தது, குக்கர் பிழைத்தது, பாயின் சாவியும் வெளியே வந்தது.

அஞ்சும் உள்ளே போனாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடங்களுக்கு நடுவே மெல்ல நடந்தாள். இருட்டைப் பார்த்தாள். குளியலறைக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது மட்டும் உறுதியாக இருந்தது. சமையலறையில் நின்று அந்த மஞ்சள் கறைமேல் ஒரு விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

ஷரீஃப் பாய்க்குப் புரிந்துவிட்டது.

“அத்தா, ஆட்டோல பெட்டிங்க இருக்குது. உள்ள கொண்டாரச் சொல்லுங்க.”

அவர் வாசலுக்கு வந்தார். ஆட்டோவின் பின்னால் இரண்டு பெரிய பெட்டிகள். அவருடைய பொருள்களை அடைத்துக்கொண்டு போகத்தான் இத்தனை பெரியதாகக் கொண்டுவந்திருக்கிறாள். உடம்பில் வலு இருக்கிறதென்று காட்டினால் இப்போதாவது மனம் மாறுவாளோ என்று ஒன்றைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை.

“காலிப் பெட்டியவே தூக்க முடியல, பாரேன்” என்றார் ஆனந்தராஜிடம். “உள்ள வேணாம் தம்பி. எனக்கு நாலு வேட்டி, சட்டைதான். இங்கயே எடுத்தாந்து வெச்சுடறேன்.”

ஆனந்தராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“நல்லா இருக்குது பாய் கதை! தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்ற பொண்ணு, காலிப் பெட்டியோடவா வரும்?”