வேதசிரோமணிக்குக் கதாநாயகி தேவை

"ஒரு நாள் சாயங்காலம் மட்டும் போதும் சார். ராத்திரி பத்து மணிக்குள்ள நானே பத்திரமா கொண்டுவந்து விட்டுடறேன்" என்றான் வேதசிரோமணி.

தனசிங் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அதுவரை சம்பளம் என்ன, குடிப்பழக்கம் உண்டா என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்த மனிதர். நாடகத்துக்குப் பெண் கேட்டால் இவ்வளவு விசாரணையா என்று வேதசிரோமணிக்கு அலுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தான்.

"பத்து மணிக்கா?"

"பிடிச்சிருந்தா அடுத்த வருஷமும் கூப்பிடுவோம் சார்."

"எழுந்திருய்யா" என்றார் தனசிங்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேம்ப் ரோடில் நடந்தான் வேதசிரோமணி. ஏறி மிதிக்கக்கூடத் தெம்பில்லை. தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வகுப்பு முழுவதையும் ஒரு முறைப்பில் அடக்கிவிடுவான். ஒரு பெண் மணி கேட்டால் மட்டும் கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். அக்கா ரத்தினபாய் அவனைப் பெண் பார்க்க அழைத்துப் போன ஒரு வீட்டில் கேட்டோடு திரும்பிவிட்டான். இன்னொரு வீட்டில் பெண்ணின் சித்தியைப் பார்த்துச் சம்மதம் சொன்னான். அதற்குப் பிறகு தலையே போனாலும் பெண் பார்க்க வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டான்.

பட்ட அவமானத்தையெல்லாம் திரட்டி ஒரு நாடகம் எழுதினான். பெண்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒருவன் வரன் தேடி அலையும் கதை. அதைப் படித்துப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை நாளும் அவனைப் பார்த்துச் சிரித்த உலகம், முதல்முறையாக அவன் சொன்னதற்குச் சிரித்தது. அதை ஒரு தடவை மேடையில் பார்த்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று அவனுக்கு இருந்தது.

சபை ஹாலை அக்காவே போய்ப் பேசி முடித்தாள். ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை. "நீ போனா வாட்ச்மேன்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பிடுவே" என்றாள். நாயகன் வேஷத்துக்கு வாலிபர் சங்கத்தில் எல்லோரையும் நடிக்கச் சொல்லிப் பார்த்தான். ஒருவனுக்கும் அசடு வழியத் தெரியவில்லை; எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். கடைசியில் அதை அவனே எடுத்துக்கொண்டான். நாயகிதான் இல்லை. பெண் வேஷம் கட்டச் சொன்னால் ஆளுக்கு ஆள் மீசையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். "பொண்ணுகிட்ட நேரா கேக்காதே, அப்பாகிட்ட கேளு, அதுதான் மரியாதை" என்று அக்காதான் வீடுகளைச் சொன்னாள்.

தனியாகப் போனதுதான் தப்பு என்று முடிவாயிற்று. அடுத்த வீட்டுக்கு அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

அது சாலமோன் வீடு. அவர் மனைவி தபீதாள் முறுக்கும் கேக்கும் வைத்தாள். மகள் பியூலா ஒரு கீர்த்தனை பாடினாள். வேதசிரோமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். திறந்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்குமே. பாட்டு முடிந்ததும் சாலமோன் பக்கம் திரும்பினான்.

"குரல் கடைசி வரிசை வரைக்கும் போகுமா சார்?"

"எதுக்குத் தம்பி?"

"சண்டைக் கட்டம் இருக்கு. கத்தணும். அப்புறம் என் கன்னத்துல ஒண்ணு அறையணும்."

"டேய்" என்றாள் அக்கா.

"ஒத்துவரலேன்னா பரவாயில்லக்கா. ரெண்டு வாரம் பழக்கிப் பார்ப்போம். சரிப்படலேன்னா வேற ஆளைப் போட்டுக்கலாம், இன்னொரு பொண்ணும் கைவசம் இருக்கில்ல."

தபீதாள் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரயில்வே கேட் வரை ரத்தினபாய் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

"ஜனங்களுக்குக் கலைன்னாலே பிடிக்கல. விட்டுடலாமாக்கா? எனக்கு அலுத்துப் போச்சு."

"உனக்கு மட்டுமா?" என்றாள் அவள். "இன்னும் ஒரே ஒரு வீடு. அங்க நீ வாயே திறக்கக் கூடாது. நாடகத்தைக் கையில கொடுத்துட்டுப் பேசாம உக்காரு."

அந்த வீடு சேலையூரில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் ஞானசௌந்தரி, பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். வேதசிரோமணி சொன்னபடி நாடகத்தை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் நின்றபடியே புரட்டினாள். திடீரென்று சிரித்தாள். அடுத்த பக்கத்திலும் சிரித்தாள்.

"கேட்டோட திரும்பிப் போறாரே, அவர் யாரு?"

வேதசிரோமணி தன்னையே சுட்டிக் காட்டினான்.

"சரி. ஆனா இந்தப் பொண்ணு ஏன் பேசவே மாட்டேங்குறா? சண்டை வந்தாத்தான் வாய் திறக்கணுமா? ரெண்டு பேரும் ஊமையா இருந்தா கதை எப்படி நகரும்?"

"நீங்க என்ன பேசணும்னு சொல்லுங்க. எழுதிடறேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்நியப் பெண்ணிடம் முழு வாக்கியம் பேசியிருக்கிறோம் என்று. நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை.

"அப்போ நான் வரேன்" என்றாள் ஞானசௌந்தரி. "அந்த அறையற கட்டத்தை மட்டும் எடுத்துடுங்க."

மற்ற ஏற்பாடுகளைப் பேச அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வேதசிரோமணி சைக்கிளில் ஏறினான். மாதக் கணக்கில் சுமந்த அலுப்பு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ஒத்திகை எப்போது ஆரம்பிக்கும் என்று மனசு பறந்தது. அது நாடகத்துக்காக மட்டும்தானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் சைக்கிளிலிருந்து விழுந்திருப்பான். நேரே சபை ஹாலுக்குப் போனான். வாட்ச்மேன் தயாளன் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பொண்ணு கெட்சிச்சா?"

"கெடச்சாச்சு தயாளன். சேலையூர் ஞானசௌந்தரி. அன்னிக்குத் திரையெல்லாம் சரியா இருக்கணும்."

"தெரை இன்னாத்துக்கு சார், பந்தி போடவே எடம் பத்தாது" என்றார் தயாளன். "வர்ற ஞாயித்துக்கெழமையே கோயில்ல ரெண்டு பேரு பேரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிச்சிடச் சொல்றேன். உங்க கல்யாணத்துக்குன்னு உங்க அக்கா ஹாலை எடுத்த நாள்லேந்து பொண்ணு பேரு தெரியாமத்தான் போதகர் ஐயா காத்துக்கினு கீறாரு."