வெர்லின் அலாஸ்காவில்தான் இருந்தான்

சமூகக் கல்லூரியின் மனநலப் பணிப் படிப்புகளை நடத்தும் மதிப்பிற்குரிய ஆம்பர் நேப்பியர் அம்மையார் அவர்களுக்கு,

வெர்லின் காடிலின் உடன்பிறந்த அக்கா இமோஜீன் ராட்லிஃப் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டிலுள்ளோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலையும் விடாமல் பெய்யும் மழையையும் தவிர மற்றெல்லாம் சுகம். நாம் நேரில் பார்த்ததில்லை என்றாலும் தங்கள் பெரியம்மா எங்கள் சபையில் பியானோ வாசித்தவர் என்பதால் தங்களை அந்நியராக நினைக்க முடியவில்லை. அவர் கொஞ்சம் வேகமாக வாசிப்பார். அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை.

என் தம்பி தங்கள் படிப்பில் சேர மனுப் போட்டிருக்கிறான். அவனை நன்றாக அறிந்த ஒருவர் அவனைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய தாளை என் சமையலறை மேசையில் வைத்தான். "என்னடா எழுதணும்?" என்றேன். "உள்ளதை எழுதுக்கா, போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரலேன்னா என் இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துருவாங்க" என்றான். ஐம்பதைத் தாண்டியவன், டயர் கடையில் வேலை. அவன் வாய்விட்டு இது எனக்கு வேண்டும் என்று சொல்லி நான் கேட்டு வெகு காலமாகிறது. ஆகவே இந்த இடம் அவனுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் எழுத நான் தயார்.

தங்கள் படிப்பு எனக்கு நன்றாகவே புரிந்தது. முதல் அடுக்கு ஒரு சிறு சான்றிதழ். குடியிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீளப் பார்ப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணை நிற்கிற வேலைக்கானது. அதன்மேல் ஆலோசகருக்கு உதவியாளர் சான்றிதழ், அதன்மேல் இரண்டு வருடப் பட்டம், அதற்கும் மேல் நான்கு வருடப் பட்டம். கீழே படித்தது எதுவும் வீண்போகாமல் மேலே சேர்ந்துகொள்ளும், எந்த அடுக்கில் நின்றுகொண்டாலும் அதற்கொரு வேலை உண்டு. "அட, இது ஸ்டாக் கேக்குடா" என்றேன் வெர்லினிடம். நம் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வீட்டுக்கு ஓர் அடுக்காகச் சுட்டு எடுத்துவந்து, நடுவே ஆப்பிள் கூழைத் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அடியில் வைக்கிற அடுக்கில் விரிசல் இருக்கக் கூடாது.

இதனால்தான் தங்கள் தாளில் உள்ள அச்சுப்பிழை என்னை உறுத்தியது. "முதல் அடுக்கில் சேருபவர், தாமே குடியிலோ போதையிலோ மனநோயிலோ இருந்து மீண்டவராக இருக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறது. "இருக்கக் கூடாது" என்பதுதான் சரி. சிவப்புப் பென்சிலால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் வருத்தப்பட வேண்டாம். எங்கள் சபையின் வாராந்திரத் தாளுக்குப் பிழை திருத்துகிறவள் நான். நான் பல் பிடுங்கப் போயிருந்த ஒரு வாரம், 'பாஸ்டர் ஞாயிறன்று பாவம் பற்றிப் போதனை செய்வார்' என்பதில் நடுவே இரண்டு சொற்கள் விட்டுப்போய், 'பாஸ்டர் ஞாயிறன்று பாவம் செய்வார்' என்று அச்சாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வந்ததில்லை. ஒரு சொல் மாறினால் என்னவெல்லாம் ஆகிறது பாருங்கள். கொள்ளையடித்துத் திருந்தியவர்தான் காசாளர் வேலைக்கு வர வேண்டும் என்று எந்த வங்கியாவது கேட்குமா?

ஆகவே இதன்மூலம் நான் உறுதி கூறுவது: என் தம்பி வெர்லின் காடில் குடித்தவன் அல்ல. எங்கள் கவுண்டியில், இந்த மாவட்டத்துக்குள், மது விற்பதற்கே தடை என்பது கென்டக்கி முழுக்கத் தெரியும். விற்காத ஒன்றை ஒருவன் எப்படிக் குடிக்க முடியும்? இருந்தாலும் தாங்கள் விசாரிக்கும்போது ஊரில் யாராவது எதையாவது சொல்லிவைப்பார்கள் என்பதால், நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

முதலில் அந்தப் புல்வெட்டும் வண்டி. வெர்லின் அதன்மேல் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு கவுண்டி எல்லையைத் தாண்டிப் போனான் என்பார்கள். போனான். அவனுடைய கார் லைசென்ஸ் அப்போது அரசாங்கத்திடம் பத்திரமாக இருந்ததால் வேறு வண்டி ஓட்ட வழியில்லை. புல் வெட்டத்தான் போனான். மாதம் ஜனவரி என்பது உண்மை, ஆனால் பனிக்கு அடியில் புல் இல்லை என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லையே. எல்லையைத் தாண்டியதும் இருக்கிற கடையில் நிறுத்தினான் என்றும் சொல்வார்கள். அந்தக் கடையில் பாலும் விற்கிறார்கள். திரும்பி வரும்போது போலீஸ் டெபுடி ஹோபர்ட்தான் அவனைக் கொண்டுவந்து விட்டார். "அம்மா, உங்க தம்பி ரோடு ஓரமா புல்லு வெட்டிக்கிட்டே வந்தாருங்க. பிளேடு சுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தபால்பெட்டி போச்சு" என்றார். "கவுண்டிக்குச் சம்பளம் வாங்காம வேலை செஞ்சிருக்கான், அதுக்கு ஒரு நன்றி உண்டா?" என்று கேட்டேன். ஹோபர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அன்று வெர்லின்மேல் வந்த வாடை இருமல் மருந்து.

அடுத்தது எங்கள் மாமாவின் சவ அடக்கம். வெர்லின் அதற்கு வரவில்லை என்பது பழி. அவன் வந்தான், பக்கத்து ஊர்ச் சவ அடக்கத்துக்கு வந்தான். வழியில் ஒரு திருப்பம் மாறிப்போனது, அவ்வளவுதான். அங்கே முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுந்து நின்று அழுதுகொண்டே பேசியிருக்கிறான், அந்த மனிதருக்கு எப்படி மீன் பிடிக்கத் தெரியும், தன்னை எப்படித் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார் என்றெல்லாம். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்தவராம். ஆனாலும் அவருடைய மனைவி இன்றுவரை வெர்லினுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வதுதானே தங்கள் படிப்பு? அதை அவன் சேருவதற்கு முன்பே செய்துவிட்டான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அவன் மனைவி டோரீன் போனதற்கும் குடிக்கும் சம்பந்தம் இல்லை. அவளுக்கு எங்கள் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அடுத்த மலையில் இருக்கிறாள். அங்கே காற்று வேறு.

கடைசியாக, ஒரு குளிர்காலமும் வசந்தமும் அவன் ஊரில் இல்லாதது பற்றி. அவன் அலாஸ்காவில் இருந்தான். மீன் டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. இதை நான் சபையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், பிரார்த்தனைப் பட்டியலிலும் 'கடல் கடந்து உழைப்போர்' என்ற தலைப்பில் போட்டிருந்தேன். ஓப்பல் டாக்கெட் என்று ஒருத்தி, என் பக்கத்து இருக்கைக்காரி, வாரம் தவறாமல் குடைந்தெடுப்பாள். "அலாஸ்காவுல இருக்கானாம்! அக்காவுக்கு ஒரு மீன் அனுப்பத் தோணலியா உன் தம்பிக்கு?" என்றாள். அடுத்த வாரமே ஒரு கூடை நிறைய சால்மன் டப்பாக்கள் வந்து சேர்ந்தன, சபையில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். டப்பாவில் லேபிள் இல்லையே என்று ஓப்பல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்க எல்லாத்திலயும் மீன்தான், லேபிள் எதுக்கு?" என்றேன். சாப்பிட்டுவிட்டு, கடையில் வாங்குகிற மீன் மாதிரியே இருக்கிறது என்று மெச்சினாள். வேண்டுமானால் அவளை விசாரித்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில் வெர்லின் ஒழுக்கமானவன், நிதானமானவன். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்ததில்லை, இருந்ததாகச் சொல்பவர்களுக்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு. அப்பேர்ப்பட்டவனை முதல் அடுக்கில் சேர்த்துக்கொள்வது தங்கள் கல்லூரிக்குப் பெருமை. ஆண்டவர் தங்களுக்கு நல்ல ஆரோக்கியமும், தங்கள் அச்சகத்தாருக்கு நல்ல கண்பார்வையும் அருளட்டும். தங்கள் பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள,
இமோஜீன் ராட்லிஃப்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் தபால்தலை தேடிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெர்லின் வந்தான், தானே கல்லூரிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று. அவித்த அவரையும் சோள ரொட்டியும் போட்டுக் கொடுத்தேன். தட்டைத் தொடாமல் கடிதத்தை எடுத்துப் படித்தான். புல்வெட்டும் வண்டி வந்தபோது சத்தமாகச் சிரித்தான். சவ அடக்கத்துக்கும் சிரித்தான். அலாஸ்கா வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, அது அச்சுப்பிழை இல்லக்கா. குடிச்சு மீண்டவன்தான் அவங்களுக்கு வேணும்" என்றான்.

"ஏன், குடிக்காதவன் ஒருத்தன்கூடவா அவங்களுக்குக் கிடைக்கல?"

"கிடைச்சாலும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. குடியை விடணும்னு வர்றவன்கிட்ட படிச்சவங்க பேசினா, 'உனக்கென்ன தெரியும்'னு எழுந்து போயிடறான். நான் போய் புல்லு வண்டியில சாராயக்கடைக்குப் போன கதையைச் சொன்னா உக்காந்து கேக்கறான்."

"அதையெல்லாம் போய் வெளியில சொல்றியாடா?"

"சொல்றேன். வாராவாரம் குடியை விடறவங்க கூட்டத்துல சொல்றேன். அக்கா, என்கிட்ட இருக்கிற ஒரே தகுதி அதுதான். அதையும் நீ இல்லேன்னு எழுதி வெச்சிருக்கே." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டு அவரையில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம்க்கா, இப்படியே இருக்கட்டும். குடிச்சவன் வீடு எப்படி இருக்கும்னு இதைவிட யாராலயும் எழுத முடியாது" என்று சொல்லிவிட்டான்.

எனவே மேலே நான் 'இல்லை' என்றும் 'அல்ல' என்றும் எழுதியுள்ள இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அது இருமல் மருந்து அல்ல. (இந்த 'அல்ல'வை அடிக்க வேண்டாம்.) டோரீன் போனது குடியால்தான், அவள் பொறுத்த அளவுக்கு நான் பொறுத்திருக்க மாட்டேன். அவன் அலாஸ்காவைப் பார்த்ததே கிடையாது. இங்கிருந்து இரண்டு கவுண்டி தள்ளி ஒரு மீட்பு இல்லத்தில் இருந்தான். தூரத்து உறவில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று சபையில் சொல்லிவிட்டு ஞாயிறு மதியங்களில் போய்ப் பார்த்துவருவேன். முதல் சில வாரம் அவன் என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான், நானும் பக்கத்தில் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மீன் டப்பாக்களைக் கடையில் வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து லேபிளைக் கிழித்தது நான். அதை ஓப்பலிடம் விசாரிக்க வேண்டாம். அங்கிருந்து வந்த நாளிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இது நான் ஊருக்குச் சொல்கிற கதை இல்லை, தாங்கள் நம்பலாம்.

என் தம்பி குடிகாரனாக இருந்தான். அந்தச் சொல்லை அவனைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் தடவை. அவன் எதிரில் உட்கார்ந்துதான் எழுதினேன். அழுகை வந்தது, அவன் கைக்குட்டை கொடுத்தான், அதில் டயர்க் கறை.

அம்மையாரே, இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். இடம் உண்டா இல்லையா என்பதைத் தயவுசெய்து அவனுக்கே எழுதிவிடுங்கள். என் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். இல்லை என்று வந்தால், நான் அதை அவனிடம் வேறு மாதிரிதான் சொல்வேன்.

இ.ரா.