அறுபது பேரும் ஒரே குரலில் பேசியமைக்கு விளக்கம்

எட்டாம் பிளாக், வாரியக் குடியிருப்பு,
தண்டையார்பேட்டை.
8-3-2004

பெருமதிப்பிற்குரிய வழிகாட்டிப் பேராசிரியர் முனைவர் அருள்நாதன் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்களிடம் முதுகலைப் பொது நிர்வாகம் இரண்டாம் ஆண்டு பயிலும் சங்கமித்ராவின் தாய் லோ. குணசுந்தரி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஐந்து நாள்களுக்குள் விளக்கம் தருமாறு தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்து இன்றோடு இருபத்திரண்டு நாள்கள் ஆகின்றன. இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அறுபது வீடுகளில் மறுபடியும் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

எங்கள் குடியிருப்பின் குடிநீர் லாரி விநியோகம் பற்றி என் மகள் எழுதிய ஆய்வேட்டில் கையெழுத்திட மறுத்துத் தாங்கள் இரண்டு காரணங்கள் கூறியிருந்தீர்கள். கேள்வித்தாள்களுக்கு விடையளித்த அறுபது பேரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பது ஒன்று. லாரி நான்கு நாள்களுக்கு ஒருமுறையே வருகிறது என்று ஆய்வேடு சொல்ல, தாங்கள் நேரில் வந்தபோது அது தினமும் வருவதாகத் தெரிந்தது என்பது மற்றொன்று. இம்மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் தங்கள் கையெழுத்து கிடைக்காவிடில் எட்டாம் பிளாக்கிலிருந்து முதுகலை வரை சென்ற முதல் பெண்ணுக்கு ஓராண்டு வீணாகும். இரண்டு குற்றங்களும் என்னுடையவை. அவள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த மூன்று வாரங்களில் கேள்வித்தாள்களைக் கையிலெடுத்தவள் நான்.

ஐயா, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மனுக்களுக்கு அலுவலகங்களிலிருந்து வந்த மறுப்புக் கடிதங்களைப் படித்துப் படித்தே எழுதக் கற்றவள். பதினாறு ஆண்டுகளாக இந்த பிளாக்கிலிருந்து என் கை படாமல் எந்த மனுவும் வெளியேறியதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒருவர் வாயால் சொல்வதை அப்படியே தாளில் ஏற்றி அனுப்பினால் எந்த மேசையிலும் மதிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். ஆகவே, லாரி வராத நாளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எதிர்வீட்டு சாபிரா, "இன்னாத்த சமாளிக்கிறது? பேஜாரு புடிச்சிடுது குணாக்கா! கொடத்த தூக்கினு தெருத் தெருவா ஓடிக்கினு கீறேன், அரிசி கழுவக்கூட தண்ணி இல்ல" என்றபோது, 'சொல்லொணாத் துயருக்கு ஆளாகி மாற்று ஏற்பாடுகளை நாடுகிறோம்' என்று எழுதினேன். தண்ணீர் அலுவலகத்தில் முறையிட்டீர்களா என்ற கேள்விக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லியோனார்ட், "எவன் கீறான் அங்க? எப்ப போனாலும் சாப்புட போயிக்கீறார்ன்றான்" என்றதை, 'அலுவலர் அவர்கள் உணவு இடைவேளையில் இருந்தமையால் காணும் பேறு கிட்டவில்லை' என்று மாற்றினேன். அறுபது தாள்களின் முடிவிலும் 'ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று சேர்த்தேன். காமாலை தெளிந்து எழுந்த என் மகள் அவற்றைப் படித்துவிட்டு, "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற? அறுவது பேரும் உன்ன மாதிரியே பேசறாங்களேம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன். மறுபடி கேட்க நேரமின்றி அவள் அவற்றையே ஆய்வேட்டில் சேர்த்தாள்.

அத்துடன் நின்றிருக்கலாம். அவ்வளவு நேர்த்தியாக எழுதியவற்றை ஓர் ஆய்வேட்டுக்குள் அடைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. கார்பன் தாள் வைத்து எடுத்திருந்த அறுபது நகல்களையும் கட்டித் தண்ணீர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. மறுநாளும் வந்தது. அதன்பின் தினமும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் தாங்கள் சலவைச் சட்டையும் கையில் கோப்புமாக எங்கள் பிளாக்குக்கு வருகை தந்தீர்கள். நானும் மகளும் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தோம். தாங்கள் பேராசிரியர் என்று சொன்னதை இங்கே ஒருவரும் நம்பவில்லை; தண்ணீர் அலுவலகத்து ஆள் என்றே நினைத்தார்கள். "வேவு பாக்க வர்றவன் வேற இன்னா சொல்லுவான்?" என்றிருக்கிறார் லியோனார்ட். குறை சொன்னால் லாரியை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்துதான் சாபிரா, "தினம் டாண்ணு வந்துடுது நைனா, ஒரு கொறையும் இல்ல, நல்லபடியா எழுதிக்கோ" என்று தங்களை வழியனுப்பினாள். தங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பயத்தினால்தான்.

குறையைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்குப் பட்டம் உண்டென்றால், கண்டுபிடித்துத் தீர்த்தும் வைத்த ஆய்வுக்கு ஏன் இல்லை? பொது நிர்வாகம் என்ற படிப்பு வேறு எதற்காக என்று தாங்களே ஆலோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். என் மகள் எழுதியது எழுதிய நாளில் உண்மை. இப்போது லாரி தினமும் வருகிறது என்ற முடிவுரையை அவள் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். அறுபது பேரிடமும் மறுபடி கேட்டு, இம்முறை அவரவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிப் புதிய தாள்களை இணைத்துள்ளேன். எழுத எழுதக் கை கூசியது. ஒன்பதாம் கேள்விக்கு மாடி வீட்டு உச்சிமாகாளி அண்ணன் அளித்த விடையில் மூன்று சொற்களுக்கு மட்டும் புள்ளி வைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பினால் அவற்றை நேரில் வந்து சொல்ல அவர் சித்தமாக இருக்கிறார்.

தங்கள் துணைவியாருக்கும் மக்களுக்கும் என் வணக்கங்களும் வாழ்த்துகளும் உரியன. தங்கள் வீட்டுக் குழாயில் என்றும் தண்ணீர் வரட்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
லோ. குணசுந்தரி

பின்குறிப்பு (11-3-2004): இக்கடிதத்தை உறையிலிட்ட மறுநாள் முதல் லாரி வரவில்லை. இன்றோடு மூன்று நாள்கள். எனவே புதிய முடிவுரை பொய்யாகி, ஆய்வேட்டில் முதலில் எழுதியிருந்ததே மறுபடி உண்மையாகிவிட்டது. இரண்டையும் அனுப்புகிறேன். பொருந்துவதை வைத்துக்கொள்ளுங்கள். குடங்களோடு அத்தனை பேரும் என் வாசலில் நின்று, "எழுது குணாக்கா, எழுது" என்கிறார்கள். என் மகளோ, "சார் கையெழுத்து போடற வரிக்கும் நீ பேனாவத் தொடக்கூடாது, தொட்டா லாரி வந்துடும், மறுபடியும் முடிவுரைய மாத்தணும்" என்று பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இதைப் பென்சிலால் எழுதுகிறேன். தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.